பாதி டிக்கெட் போனால் என்ன?

58 வயது நிறைந்த பெண்களுக்கு ரயில் கட்டணத்தில் 50 சதவீதம் சலுகை இருந்தது; 60 தாண்டிய ஆண்களுக்கு 40. கொரோனா வந்த 2020 மார்ச்சில் அது நின்று போச்சு. "இனி மகளைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவைதான்" என்று என் மாமியார் முகம் வாடிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஏ.சி.யை விட்டு ஸ்லீப்பருக்கு மாறினோம். செலவு பாதிகூட ஆகவில்லை. முட்டிவலிக்காரருக்குக் கீழ் பெர்த் வேண்டுமே? வழி இருக்கிறது, சகோதரிகளே! முன்பதிவில் 'சீனியர் சிட்டிசன்' கோட்டாவைக் கேளுங்கள். பெண்களுக்கு 45 வயதே போதும். ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான். இருவருக்குமே அந்த வயது இருக்கணும். எனக்குத்தான் 46 ஆச்சே! இடம் இருந்ததால் இருவருக்கும் கீழ் பெர்த். ஆதார் அட்டையை மறக்காதீர்கள். இப்போது அத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை மகளைப் பார்த்து வருகிறார்.