பாரம் தன்னைத்தானே உடைக்கும்

பழைய கார் வைத்திருக்கிற நம்மவர்களுக்குப் பஞ்சிகாவத்தையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தாலும், புது வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதையே திருத்தி ஓடுவோம் என்று திரும்பி வந்தவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். அதனால் கொழும்பிலிருந்து கிழக்குக்கு வரும் இரவு பஸ்களில் ஹெட், கிராங்க், கியர்பொக்ஸ் என்று ஏதாவது ஒன்று வராத நாளில்லை.

அவற்றில் எத்தனை முழுசாக வந்து சேருகின்றன என்பதுதான் கேள்வி.

எங்கள் நானா கொரோலா 110 ஒன்றில் ஹயர் ஓடுகிறவர். அவரது வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். போன வருடம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, என்ஜின் சூடாகி, ஹெட் வளைந்துவிட்டது. சீவியும் சரிவராது என்று கராஜ் பாஸ் சொல்லிவிட்டார். கொழும்பில் ஒரு கடையில் ஜப்பான் ஹெட் ஒன்றைப் பேசிக் காசு போட்டோம். கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பிஸ்கட் வந்த கார்ட்போட் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

காலையில் கல்முனையில் இறக்கும்போது பெட்டியின் அடி பிரிந்து கிடந்தது. கேஸ்கட் உட்காரும் முகத்தில் நகம் தடக்கும் அளவுக்கு மூன்று கீறல். தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு மூலை உடைந்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கடைக்காரர் சொன்னார், "அனுப்பும்போது நல்லாத்தான் இருந்திச்சு." பஸ்காரர் சொன்னார், "வெச்ச எடத்துல இருந்து நாங்க எடுக்கவே இல்ல." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். யாரும் தொடாமலே அது உடைந்திருக்கலாம். நானாவின் கார் பதினொரு நாள் கராஜில் நின்றது.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். இதைத் தரம் 10 பிள்ளைகளோடு செய்தே பார்த்தோம். ஒரு செங்கல்லைக் கசக்கிய பத்திரிகைத் தாளோடு பெட்டியில் போட்டு, சைக்கிள் கரியரில் வைத்து மைதானத்தைச் சுற்றினோம். இன்னொரு செங்கல்லைப் பலகையோடு கட்டி, அசையாதபடி பெட்டிக்குள் இறுக்கிச் சுற்றினோம். முதல் பெட்டியில் நாலாவது சுற்றிலேயே தாளெல்லாம் அமுங்கி, கல் பெட்டிச் சுவரில் இடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவது பெட்டி பத்துச் சுற்றுக்குப் பிறகும் அப்படியே இருந்தது.

பஸ் பிரேக் போடும்போது பஸ் நிற்கிறது, உள்ளே இருக்கிற இரும்பு நிற்பதில்லை. மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் பஸ் திரும்பும்போது பெட்டி திரும்புகிறது, உள்ளே இருக்கிறது நேரே போகப் பார்க்கிறது. பாரமான சாமானை வெளியே இருந்து யாரும் உடைக்க வேண்டியதில்லை. அசைய இடம் கொடுத்தால் அதன் பாரமே அதை உடைத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. 14 கிலோ ஹெட் ஒன்று 60 செண்டிமீற்றர் உயரத்திலிருந்து கொங்கிறீட்டில் விழுந்து, 3 மில்லிமீற்றருக்குள் நின்றுவிட்டால், அதன் மேல் விழும் சராசரி அடி அதன் பாரத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு. அதாவது 2800 கிலோவின் கனம். அதே ஹெட் அடியிலிருக்கும் மெத்தை அமுங்கி 3 செண்டிமீற்றரில் நின்றால் 20 மடங்குதான். ஆனால் அந்த மெத்தை அமுங்க வேண்டும், நசிந்து முடிந்துவிடக் கூடாது. ஹெட்டின் கூர் மூலை ரெஜிபோமை நேரே குத்தினால் கத்தி போலக் கிழித்துக்கொண்டு போய்விடும். எனவே முதலில் சாமானைப் பலகையில் இறுக்கி, அந்தப் பலகைக்குக் கீழேதான் மெத்தை வைக்க வேண்டும். பாரம் பலகை முழுவதும் பரவி, மெத்தையில் சமமாக இறங்கும்.

கடைக்காரர் வேறொரு ஹெட் தர ஒத்துக்கொண்டார். இந்த முறை நானாவும் தம்பியும் பலகையோடு கொழும்புக்குப் போனார்கள். நாங்கள் கட்டிய முறை இதுதான்:

கேம்ஷாஃப்ட் இரண்டையும் கழற்றினோம். கேம்ஷாஃப்ட் பூட்டியபடி இருந்தால் சில வால்வுகள் திறந்தே இருக்கும். முகம் கீழே பார்க்க வைத்தால் அந்த வால்வுகளில் பாரம் ஏறி அவை வளையக்கூடும். கழற்றிய மூடிகளை அதே ஹெட்டில், இலக்கம் பார்த்து, அதே இடத்தில் திரும்பப் பூட்டினோம். ஒரு ஹெட்டின் மூடி இன்னொரு ஹெட்டுக்குச் சரிவராது. கேம்ஷாஃப்ட்டுகளுக்கு ஒயில் பூசி, தனித்தனியாகச் சுற்றி வைத்தோம்.

பிளக் ஓட்டை, ஒயில் ஓட்டை, தண்ணீர் ஓட்டை எல்லாவற்றையும் மூடினோம். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பிறகு என்ஜினுக்குள் அது அரம்.

முகத்தைத் துடைத்து மெல்லிய ஒயில் பூசி, சுத்தமான தடித்த கார்ட்போட் ஒன்றை விரித்து, அதன் மேல் ப்ளைவுட் வைத்தோம். இந்த வகை ஹெட்டின் முகம் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. போட்டோக்கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அதில் பாதி! அந்த முகத்தைத்தான் பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்புகிறார்கள்.

ஹெட் போல்ட் போகும் பத்து ஓட்டைகளில் நாலு மூலை ஓட்டைகளால் போல்ட் இறக்கி, ப்ளைவுட்டோடு நட்டுப் பூட்டினோம். அதன் பிறகு ஹெட்டும் பலகையும் ஒரே சாமான். கீழே கெட்டியான ஃபோம், சுற்றிவரப் பலகைப் பெட்டி, அதற்கு வெளியே ஸ்ட்ராப். மூட முன் நாலு பக்கமும் படம் எடுத்தோம். கையால் குலுக்கிப் பார்த்தோம். உள்ளே ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. காலையில் கல்முனையில் திறந்தபோது முகத்தில் ஒரு கோடும் இல்லை.

மற்றச் சாமான்களுக்கும் இதே கதைதான். கிராங்க் என்றால் நல்ல தடிப்பாக ஒயில் பூசி, பலகையில் V வடிவில் வெட்டிய இடங்களில் மெயின் ஜேர்னல்கள் உட்கார வைத்துக் கட்டுங்கள். முழு என்ஜின் என்றால் ஒயில் சம்ப்பின் மேல் நிற்க விடாதீர்கள். சம்ப் தகரம் உள்ளே நசிந்தால் ஒயில் உறிஞ்சும் வாய் அடைபடும். பிறகு ஓட்டும்போது பெயரிங் போகும், அது ஏன் போனது என்று ஒருவருக்கும் விளங்காது. என்ஜின் மவுண்ட் பூட்டும் இடங்களால் பாரத்தைப் பலகைத் தட்டில் இறக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் மச்சான்மாருக்கும் இரண்டு விடயம். பச்சைப் பலகையில் பெட்டி அடிக்காதீர்கள். நாடு கடந்து போகும் மரப் பெட்டிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி இருக்கிறது. வெப்பமூட்டிய மரம் என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். அடுத்தது, பெற்றோல், ஒயில் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். எரிபொருள் மிச்சமிருக்கும் என்ஜின் விமானத்தில் ஆபத்தான பொருளாகவே கணக்கெடுக்கப்படும்.

கடைசியாக, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். பெட்டியின் மேல் "கவனம், உடையும்" என்று எழுதுகிறோம். பாரம் எத்தனை கிலோ என்று எழுதுகிறவர் எத்தனை பேர்? அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம், எல்லா வசதியும் சரியாக இருக்கிற நிலையில்கூட ஓர் ஆள் கையால் தூக்க 23 கிலோவைத்தான் எல்லையாகச் சொல்கிறது. நமது பஸ்ஸில் சாமான் ஏற்றும் பொடியன் இருட்டில், குனிந்து, ஒற்றைக் கையால் இழுக்கிறான். சின்னப் பெட்டிதானே என்று இழுத்தால் உள்ளே 40 கிலோ. அவனுடைய முதுகுக்குப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் கிடைக்காது.

சாமானை நாம் அனுப்பிவிட்டாலும், வழியில் அதைத் தொடுகிற ஒவ்வொரு கையும் நம்மிடம் உள்ள அமானிதம். பெட்டியின் நாலு பக்கமும் கிலோவைப் பெரிய எழுத்தில், சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். 23 தாண்டினால் "இரண்டு பேர் தூக்கவும்" என்று எழுதி, இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி போட்டு அனுப்புங்கள். ஒரு மார்க்கர் பேனையும் இரண்டு முழக் கயிறும் போதும்.