கடுக்காய்த் தண்ணீரில் மாசி வெயில்

மாசி மாத வெயில் பேரணாம்பட்டில் சுள்ளென்று விழும். ஆனால் தலைக்கு நேரே வந்து நிற்காது. மாசி முதல் வாரத்தில் உச்சிப்பொழுதில்கூட ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் ஏறக்குறையப் பாதி நீளத்துக்கு வடக்கே சாய்ந்து கிடக்கும். சித்திரை இரண்டாம் வாரத்தில் அதே நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கேமராவை உள்ளே வைத்துவிட்டு, வெயிலையும் நிழலையும் கொண்டே படம் பிடிக்கிற எனக்கு மாசியும் பங்குனியின் முன்பாதியும்தான் சீசன்.

நான் செய்வது சயனோடைப். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டுப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். பழைய பொறியாளர் அலுவலகங்களின் ப்ளூபிரின்ட்டும் இதே சரக்குதான். நூறு மில்லி தண்ணீருக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம். இன்னொரு பாட்டிலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். இரண்டையும் சம அளவு கலந்து, மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். மேலே இலையையோ நெகட்டிவையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வெயில் பட்ட இடம் நீலமாகத் தங்கும், படாத இடம் தண்ணீரில் கழுவிப்போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசிய தாள் லேசில் காயாது. கோடையில் குனிந்தால் நெற்றி வியர்வை தாளில் சொட்டும். இந்த இரண்டு தொல்லையும் மாசியில் இல்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சைத் துளைக்கிறதோ இல்லையோ, நிழலின் விளிம்பை அரித்துவிடும். பத்தலப்பல்லி பக்கத்து மலைகள் பனிமூட்டத்தில் மறைந்திருக்கிற காலை வேளையில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. அப்போது வைத்த வேப்பங்கொத்தில் தாளோடு ஒட்டிய இலைக்கு மட்டும் உருவம் இருக்கும், தூக்கி நிற்கும் ஈர்க்கு புகையாகிவிடும். அதே கொத்தை உச்சியில் வைத்தால் ஒவ்வொரு பல்லும் தெரியும். அப்போதும் முழுக் கூர்மை கிடைக்காது. சூரியனே அரை பாகை அகலம் உள்ளது. தாளிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் பொருளின் விளிம்பு சுமார் இரண்டு மில்லிமீட்டருக்குக் கரையத்தான் செய்யும். எதைத் தாளோடு அழுத்துவது, எதை உயர்த்துவது என்பதில்தான் படத்துக்கு ஆழம் வருகிறது.

இது இலை உதிரும் காலமும்கூட. பழுத்து விழுந்த வேப்பிலை கண்ணுக்கு வெளிர் மஞ்சள். தாளுக்கோ அது கெட்டிச் சுவர். இந்தத் தாளுக்குத் தெரிந்தது நீலமும் புற ஊதாவும் மட்டும். மஞ்சள் அவற்றை மறித்துவிடும். பூச்சி அரித்து நரம்பு மட்டும் மிஞ்சிய இலை கிடைத்தால் அன்றைக்கு எனக்கு யோகம்.

கழுவுவதில்தான் ஊர் குறுக்கே வருகிறது. தோல் பதனிடும் இந்தப் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் உப்பும் கடினமும் ஏறியது. காரத்தன்மையுள்ள தண்ணீர் இந்த நீலத்தைத் தின்றுவிடும். போர் தண்ணீரில் கழுவிய படம் கண்ணெதிரே வெளிறும். அதனால் கேன் தண்ணீர்தான், அதிலும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு. குடிக்க வாங்குகிற தண்ணீரில் படம் கழுவுவதைப் பார்த்து வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை.

அந்தக் கெடுதலையே வேலையாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. சலவை சோடாவை நன்றாக நீர்க்கக் கரைத்து அதில் படத்தை நனைத்தால் நீலம் கலைந்து வெளிர் மஞ்சளாகிவிடும். படம் போய்விட்டது போலத் தோன்றும். ஆனால் இரும்பு தாளிலேயே இருக்கிறது. கொட்டை நீக்கி இடித்த கடுக்காயை இரவு முழுக்க ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிய தண்ணீரில் அதைப் போட்டால், கடுக்காயின் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு படத்தைக் கரும்பழுப்பாகத் திருப்பிக் கொடுக்கும். வெள்ளைப் பகுதியிலும் லேசாகச் சாயம் ஏறும். எனக்கு அது பிடிக்கும். முதல் நீலத்தைவிட இந்தப் பழுப்பே இந்த ஊருக்குப் பொருந்துகிறது என்பது என் கட்சி.

கடுக்காய் இங்கே தோலுக்குப் போன பொருள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காயில் போட்டு எடுப்பார்கள். அந்த வேலையில் கை பழுத்த பாய் ஒருவர் என் வாளியை எட்டிப் பார்த்துக் கேட்டார்: “இன்னா தம்பி, காயிதத்துக்கா கடுக்கா?” விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தவர், “துவர்ப்பு பத்தாது, இன்னும் போடுங்க” என்றார். போட்டேன். கறுப்பு இறுகியது.

நான் தொடாத ஒரு முறை உண்டு. டைகுரோமேட் கலந்த தாள் வெயிலில் மாறும் என்பதை 1839-இலேயே மங்கோ பான்டன் கண்டார். டைகுரோமேட் சேர்த்த ஜெலட்டின் மேல் வெளிச்சம் பட்டால் குரோமியம் நிலை மாறி, ஜெலட்டினைக் கரையாதபடி இறுக்கிவிடும். ஜெலட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. டேனரி டிரம்முக்குள் குரோம் உப்பு தோலைப் பிடித்து ‘வெட் ப்ளூ’ என்கிற நீல ஈரத்தோல் ஆக்குவதும் இதே பிடிப்புதான். நினைத்தாலே கை துறுதுறுக்கும். ஆனால் டைகுரோமேட்டில் இருப்பது புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தோல் கழிவுநீரை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் உச்ச நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வாங்கிய மண் இது. ஒரு படத்துக்காக அந்தச் சரக்கை என் வீட்டுச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை.

தாளை விட்டுத் தோலிலேயே அச்சிடலாமே என்று இப்போது ஒரு யோசனை. பாயிடம் பட்டைத்தோல் துண்டு கேட்டேன். இரும்பு மருந்தைத் தடவியதுமே வெயிலுக்குக் காத்திராமல் முழுத்தோலும் கறுத்துவிடும், செருப்புத் தோலை அப்படித்தானே கறுப்பாக்கினோம் என்று சிரித்தார். முதலில் தோல்மேல் மருந்து இறங்காதபடி ஒரு பூச்சு வேண்டும். முட்டை வெள்ளைக்கருவா, பசையா என்று பார்க்க வேண்டும், பங்குனி முடிவதற்குள்.