ஏமாற்றந் தந்த விருந்து

நாவுக்கும் நினைவு உண்டு. முன்னொரு நாள் உண்ட சுவையை அஃது எளிதில் மறப்பதில்லை. ஆதலின், அதே உணவு பின்னொரு நாள் சுவை குன்றி வருங்கால், புதிதாய் உண்பவனினும் பழகியவனே பெரிதும் வருந்துகிறான். அத்தகைய வருத்தம் ஒன்றைச் சென்ற மார்கழியில் யான் அடைந்தேன். அஃது உணவளவில் நில்லாது என் தமையனாரின் பிழைப்பைப் பற்றிய சிந்தனையாய் முடிந்தமையின், அதனை நம் கல்லூரி அன்பர்க்கு உரைக்கத் துணிந்தேன்.

சென்னையிலே கொரிய உண்டிச்சாலைகள் தோன்றிய காரணத்தைப் பலரும் அறிவர். 1998-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கினர். அவர்களையும் அவர்க்கு உறுப்புகள் செய்தளிக்கும் தொழிற்சாலைகளையும் பின்பற்றிக் கொரியக் குடும்பங்கள் பல இங்கு வந்து தங்கின. வந்தவர் தம் நாட்டு உணவை நாடுதல் இயல்பன்றோ? என் தமையனார் அத்தகைய உறுப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த முறையில் நான்காண்டுகள் உழைத்தவர். யான் மேனிலைத் தேர்வில் தேறிய நாளன்று ஒரு கொரிய உண்டிச்சாலைக்கு அழைத்துச் சென்று பொரித்த கோழியை எனக்கு அறிமுகஞ் செய்தவர் அவரே. அது முதல் அவ்விடம் எங்கட்கு மிக உவந்த இடமாயிற்று.

கொரிய மொழியில் உயிருள்ள கோழிக்குத் ‘தக்’ என்பது பெயர். ஆங்கிலத்தினின்று கடன்கொண்ட ‘சிக்கின்’ என்னுஞ் சொல்லோ, அங்கே பெரும்பான்மையும் பொரித்த கோழியையே குறிக்கும். கடன்கொண்ட சொல் பொருள் சுருங்கி வழங்குதற்கு இஃது ஓர் இனிய எடுத்துக்காட்டு. அவ்வுணவின் சிறப்பு இருமுறை பொரித்தலில் உள்ளது. மாவு மெல்லிதாய்ப் பூசிய துண்டங்களை அடங்கிய சூட்டில் வேகப் பொரித்தெடுத்துச் சிறிது ஆறவிடுவர். அப்பொழுது உள்ளிருக்கும் ஈரம் மேற்புறத்துக்கு வரும். பின்னர் மிகுந்த சூட்டில் மறுமுறை இடுங்கால், அவ்வீரம் ஆவியாய் அகன்று, தோல் அப்பளம்போல் நொறுங்கும். உள்ளே சதை பதங்கெடாதிருக்கும். காடியிலும் சர்க்கரையிலும் ஊறிய வெண்முள்ளங்கித் துண்டங்கள் அதற்குத் துணையாய் வரும்.

நிற்க. தமையனாரின் ஒப்பந்தம் கார்த்திகையில் முடிவுற்றது, மீண்டும் புதுப்பிக்கப்படவில்லை. சேர்த்து வைத்த சிறு தொகையைக்கொண்டு பொரித்த கோழிக் கடை ஒன்று வைக்கலாம் என்று அவர் எண்ணினார். “முன்னே உண்டு பார்ப்போம், பிறகு கணக்குப் போடுவோம்” என்று என்னையும் உடன் அழைத்தார்.

முன்னெல்லாம் இருபது நிமிடங்களேனும் காத்திருப்போம். அன்று ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிட்டது. முதல் ஐயம் அதனாலேயே எழுந்தது. கடித்தபோது நொறுங்கும் ஒலியே இல்லை. மேல்மாவு தடித்துத் தொய்ந்து கிடந்தது. எண்ணெய் விரலில் வழிந்தது. எலும்பை ஒட்டிய சதை வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. மிளகாய் விழுதில் காரம் ஒளிந்து இனிப்பே மேலோங்கிற்று. விலை மட்டும் முன்னையினும் உயர்ந்திருந்தது.

“நன்றாக இல்லையே, அண்ணா” என்றேன்.

அவர் சமையலறைப் பக்கமே நோக்கியிருந்தார். வாயிலில் வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லும் இளைஞர் எண்மர் தலைக்கவசத்துடன் நின்றனர். பெட்டிகள் ஓயாது வெளியே சென்றன. அடுப்பருகே இருந்தவரோ ஒருவர்தாம்.

“பார், தம்பி. முதற் பொரியலை முன்னமே முடித்துக் குவித்து வைத்திருக்கிறார். இரண்டாவதை நன்றாகச் செய்ய நேரமில்லை. பெட்டியில் மூடினால் ஆவியிலே எப்படியும் தொய்ந்து போகும். ஆகவே வீட்டிலிருந்து உண்பவனுக்கு வேற்றுமை தெரியாது. இங்கே வந்து உட்காருபவனுக்குத்தான் தெரியும்” என்றார்.

யான் படித்திருந்த செய்தி ஒன்றை அவரிடம் கூறினேன். 1977-ஆம் ஆண்டில் சியோல் நகரின் ஷின்செகே அங்காடியில் ‘லிம்ஸ் சிக்கன்’ என்னுங் கடை தொடங்கப்பெற்றது. பொரித்த கோழிக் கடைகளுள் அது முன்னோடி. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் கொரியா பொருள் நெருக்கடியுற்றுப் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியை நாடிற்று. அந்நாளில் வேலையிழந்தோர் பலர், சிறு முதலே போதும் என்று இத்தொழிலிற் புகுந்தனர். கடைகள் தெருத்தோறும் மலிந்தன. போட்டி தாங்காமல் மூடியவையும் பல.

“அவர்களும் என்னைப் போலத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்” என்று கூறித் தமையனார் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தார். கோழி, எண்ணெய், வாடகை என்று எழுதியிருந்ததன் கீழ் ‘இன்னோர் ஆள்’ என்று சேர்த்தார். ஆதாயம் என்று குறித்திருந்த தொகை ஏறக்குறைய முழுதும் அவ்வொரு வரியில் மறைந்தது.

பணஞ் செலுத்துங்கால், உணவு எவ்வாறிருந்தது என்று கடைக்காரர் வினவினார். பிறர் கேளாதவாறு தமையனார் உண்மையை உரைத்தார். அவர் சினக்கவில்லை. சமையற்காரர் இருவர் ஒரே மாதத்தில் விலகினர் என்று தாழ்ந்த குரலிற் சொன்னார்.

எத்தொழிலிலும் விரைவை வேண்டி முதலிற் கைவிடப்படுவது, காண்பார் கண்ணுக்குத் தோன்றாத இரண்டாம் உழைப்பே போலும். அவ்வுழைப்புக்குரிய கூலியைக் கணக்கிற் சேர்க்காதவன், தொடக்கத்திலேயே தன் பொருளின் தரத்தை விற்றுவிடுகிறான்.

தை பிறந்ததும் தமையனார் ஓர் உண்டிச்சாலையின் சமையலறையிற் பணிக்கமர்ந்தார். சம்பளம் முன்னையதிற் பாதியே. ஓராண்டு கழித்துக் கடையைப் பற்றி மீண்டும் பேசலாம் என்கிறார். சேர்த்த தொகை வங்கியிலேயே இருக்கிறது.