மிஷின்மேன் அண்ணன் ஏன் பேசுறதில்ல?



சுவத்துல தொங்குற காலண்டரை ஒரு நிமிஷம் பாருங்க. நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரணும்னா, ஆப்செட் மிஷின்ல முதல்ல கொஞ்சம் ஷீட்டை வீணா ஓட்டித்தான் ஆகணும். பிளேட் மாட்டி, ரெஜிஸ்டர் பார்த்து, இங்க்கும் தண்ணியும் சமநிலைக்கு வந்து, ஓகே ஷீட் கைக்கு வர்ற வரைக்கும் நடக்கிற வேலைக்குப் பேரு மேக்ரெடி.

ஒரு வேலைக்கு 150 ஷீட் வீண்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 8 வேலை, மாசம் 25 நாள். கணக்குப் போடுங்க, 30,000 ஷீட்!

குறைக்க வழி இருக்கு. ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ சொன்ன எஸ்.எம்.இ.டி. முறை. மிஷின் நின்னாத்தான் செய்ய முடியுற வேலை எது, ஓடும்போதே செய்யக்கூடியது எதுன்னு முதல்ல பிரிக்கணும். அடுத்த வேலைக்கான பிளேட், பேப்பர், கலந்த இங்க் எல்லாம் முன்கூட்டியே பக்கத்துல வந்துட்டா, மிஷின் நிக்கிற நேரம் குறையும்.

ஆனா எந்த பிளேட் எப்பவும் லேட்டா வருது, மழை நாள்ல பேப்பர் ஈரத்தை இழுத்து விரிஞ்சா ரெஜிஸ்டர் எந்தப் பக்கம் விலகுது, இதெல்லாம் மிஷின்மேனுக்குத்தான் தெரியும். தொழிலாளர்களே கூடிப் பேசுற தர வட்டங்கள் 1962-ல ஜப்பான்ல தொடங்குனதும் இதுக்காகத்தான்.

சிவகாசியில நான் இன்டர்ன்ஷிப் போன பிரஸ்லயும் வாரம் ஒரு கூட்டம் இருந்துச்சு. முதல் வாரம் 12 பேர். நான் கிளம்புற வாரம் 3 பேர். "ஏன்ணே வரல?"ன்னு ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன்.

"தம்பி, சக்கர் ரப்பர் தேஞ்சுபோச்சு, ஷீட் கோணலா ஏறுதுன்னு மூணு தடவை சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. ரப்பர் வரல. கடைசியில வேஸ்ட் ஏன் கூடுதுன்னு என்னையே கேட்டாங்க. இனி எதுக்குப் பேசணும்?"

ஒரு சின்ன ரப்பர் துண்டு. அதுக்காக மிஷின் ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் இங்க்–தண்ணி சமநிலை கெடும், மறுபடி வேஸ்ட். ஆனா அதைவிடப் பெரிய நஷ்டம் அந்த அண்ணனோட மௌனம். மிஷின் சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்றவர் அவர். அவர் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவரோடயே வீட்டுக்குப் போயிடும். எந்த ஃபைல்லயும் இருக்காது.

'ஆர்வம் இல்ல'ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. உண்மையில, பதில் வராத இடத்துல யாரும் ரொம்ப நாள் பேச மாட்டாங்க.

நாளைக்கு சூப்பர்வைசர் சீட்ல உட்காரப் போறது நாமதான். ஒரு போர்டு வைங்க. சொன்னவர் பேரு, சொன்ன விஷயம், யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதுங்க. முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. முக்கியமா, குறையைச் சொன்னவர் தலையிலேயே அந்தக் குறையைக் கட்டாதீங்க.

அடுத்த இன்டர்ன்ஷிப்ல ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து மிஷின்மேன்கிட்ட கேட்டுப் பாருங்க: "அண்ணே, இங்க எதை மாத்துனா உங்க வேலை சுலபமாகும்?"

அவர் பேச ஆரம்பிச்சா நோட்டை எடுத்து எழுதிக்கோங்க. எழுதுனதுல ஒண்ணாவது நடக்குற வரைக்கும் விடாதீங்க!