அதிராம்பட்டினத்துக்கு அடைமழையில போங்க!

'ரிட்டயர் ஆனதும் கடலோரமா ஒரு சின்ன ஊர்ல செட்டிலாகிடணும்'னு உங்க வீட்லயும் அப்பா சொல்லிட்டே இருக்காரா? எங்க வீட்ல பேச்சு முத்தி, ஊரும் முடிவாகிடுச்சு. அதிராம்பட்டினம்! தஞ்சாவூர்லேர்ந்து பட்டுக்கோட்டை வழியா சுமார் 60 கிலோமீட்டர்.

அலையில ஆட்டம் போடலாம்னு மாத்து டிரெஸ்ஸோட கிளம்பிடாதீங்க பாஸ். பாக் நீரிணை ஆழம் கம்மி, எதிரே இலங்கை. அதனால கடல் குளம் மாதிரி கிடக்கும். கரையில மணலைவிட சேறுதான் ஜாஸ்தி. பக்கத்துல முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, சுத்தி தென்னந்தோப்பு, உப்பளம். ஜனவரி வெயில்ல பார்த்தா உடனே அட்வான்ஸ் கொடுக்கத் தோணும்.

கொடுக்காதீங்க! டெல்டாவுக்கு முக்கியமான மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியறதுக்குள்ள கஜா புயல் இந்தப் பக்கம் தோப்பு தோப்பா தென்னையைச் சாய்ச்சுட்டுப் போச்சு. புதுசா வெச்ச கன்னு காய்க்கவே அஞ்சாறு வருஷம் ஆகும்.

நாங்க நவம்பர் மழையிலதான் வீடு பார்த்தோம். வாசல்ல முழங்கால் தண்ணி. நான் படிக்கிறது சிவில்... ஆனா வாட்டம் பார்க்க ஒரு காகிதக் கப்பல் போதும். விட்டேன். கால் மணி நேரம் நின்ன இடத்துலயே நின்னு ஊறிடுச்சு. போர் தண்ணியை வாயில வெச்சா உப்பு. அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: ''மூணு மாசம் துணி எங்கேடா காயும்?''

அப்பா அசரலை. மேட்டுல இன்னொரு வீடு இருக்காம். டிசம்பர்ல போறோம், குடையோட!