பொகவந்தலாவை: ஒரு பள்ளத்தாக்கின் கணக்கு

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியாவுக்குப் போகிறது. மற்றது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து உயரங்களில் பிறக்கும் கெசல்கமுவ ஓயா இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாக வந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு மின்சாரம் பிறப்பிக்கப் போகும் அந்த நீர், பின்னர் மஸ்கெலியா ஓயாவுடன் கலந்து, களனி கங்கையாகக் கொழும்பை அடைகிறது. தலைநகரின் குடிநீரிலும் விளக்கொளியிலும் இந்த மலைகளுக்குப் பங்குண்டு என்பதைக் கொழும்பில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தேயிலை வியாபாரிகள் இதைப் 'பொன் பள்ளத்தாக்கு' என்றார்கள். பொன் யாருக்கு என்பது வேறு விடயம். தோட்டங்களின் பெயர்களே ஒரு வரலாறு: கெர்க்கஸ்வோல்ட், கெம்பியன், செப்பல்டன், டியன்சின். பிரித்தானிய ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ஒரு சீன நகரத்தின் பெயர்! அந்தப் பெயர்களைத் தம் நாவுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டவர்கள், தமிழகத்திலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியினர்.

ஊரிலுள்ள சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் இரண்டு கல்லறைகள் உள்ளன. ஒன்று 1879இல் இறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனுடையது. மற்றது அடுத்த ஆண்டு இறந்த அவரது கணவர் சார்ல்ஸ் ஹே கெமரனுடையது. இலங்கையின் நிர்வாகத்தை 1833இல் மாற்றியமைத்த கோல்புறூக் - கெமரன் சீர்திருத்தத்தின் இரண்டாம் பெயர் இவருடையதே. அரசாட்சியைச் சீர்திருத்தியவர் பிற்பாடு கோப்பித் தோட்ட உரிமையாளராகி, இந்த மண்ணிலேயே அடங்கினார். கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயால் அழிந்தது, தேயிலை வந்தது, தொழிலாளர் அதே லயங்களில் தொடர்ந்தனர். அவர்களுடைய முன்னோரில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

எனவே அவர்களைத் தேட வேண்டிய இடம் குடிசன மதிப்பீட்டு அட்டவணைதான். பத்திரிகைத் தொழிலில் எண்களைக் கொண்டு தலைப்புக் கட்டுவது எங்களுக்குப் பழக்கம்; இந்த எண்கள் அதற்கு எளிதில் இடங்கொடுப்பவை அல்ல. 'இந்தியத் தமிழர்' என்ற தனிப்பிரிவு 1911இல் தோன்றியது. அந்தப் பிரிவினர் 1971இல் ஏறத்தாழ 11.7 இலட்சம். 1981இல் 8.2 இலட்சம். பத்தே ஆண்டுகளில் மூன்றரை இலட்சம் பேர் குறைந்தார்கள். கொள்ளைநோயோ பஞ்சமோ அல்ல, 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் இதன் பிரதான காரணங்கள். தாமே பிறந்து வளர்ந்த மண்ணிலிருந்து, காணாத ஊருக்குக் கப்பலேறியவர்கள் அவர்கள்.

2012இல் இத்தொகை 8.4 இலட்சம், சனத்தொகையில் 4.1 வீதம். 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்க்கப்பட்ட 2024 கணக்கெடுப்பில் 2.8 வீதம். தாம் விரும்பிய பெயர் அட்டவணையில் ஏறிய வேளையில் தொகை இறங்கியது விசித்திரம். இம்முறை கப்பல் ஏதும் புறப்படவில்லை. தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்வோர் பெருகியிருப்பதே முக்கிய காரணம் என்பது என் கணிப்பு. 'இந்திய' என்ற சொல் எத்தனை காலம் நாடற்றவர் என்ற பொருளைச் சுமந்தது என்பதை அறிந்தவர்கள், அப்படிப் பதிந்தவர்களைக் குறைகூற மாட்டார்கள். ஆனால் பாடசாலை, வைத்தியசாலை, வீடமைப்பு ஒதுக்கீடுகளை மலையகத்தின் பெயரால் கோரும்போது, சிறுத்துப்போன எண்ணைத்தான் அதிகாரிகள் மேசைமீது வைப்பார்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் நிலைமை சற்று வேறு. 2012 கணக்கில் 7.1 இலட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. இருந்தும் பரந்து கிடந்த அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு, நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகள் கிடைக்க 2018ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. லயத்துக் காம்பராக்களில் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், பொகவந்தலாவை: அவ்வளவுதான். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தோட்ட அலுவலகத்தில் தங்கி, தேர்வு முடிந்த பின் கைக்கு வந்த கதைகளை மலையகத்தில் எந்த இளைஞரிடமும் கேட்கலாம்.