படிக்கிற பிள்ளை சொன்ன கணக்கு

வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எது வாங்கினாலும் "நீதான் படிக்கிறியே, பாத்துச் சொல்லு" என்பார்கள். டி.வி.யில் முகங்களே தெரியலை என்ற அப்பத்தாவுக்காக, சீட்டுப் பணத்தில் புரொஜெக்டர் வாங்க அப்பா முடிவு செய்தபோதும் அப்படித்தான்.

கடையில் காட்டிய பெட்டியில் '9000 லூமன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "ஆன்சி லூமன் எவ்வளவு?" என்றேன். பதில் இல்லை!

கணக்கு இதுதான். எங்கள் அறை நீளம் 10 அடி. த்ரோ ரேஷியோ 1.5 என்றால் பட அகலம் 6.67 அடி. 16:9 விகிதத்தில் உயரம் 3.75 அடி. ஆக 25 சதுர அடி. கொத்தனாரான அப்பா இதை என்னைவிட வேகமாகப் போட்டுவிட்டார்! டிஜிட்டல் தியேட்டர் அளவுக்கு, சாதா வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு 14 லூமன் வேண்டும். அதாவது இருட்டறையில் 350 ஆன்சி லூமன். '4கே சப்போர்ட்' என்பதிலும் மயங்காதீர்கள். நேட்டிவ் ரெசல்யூஷன் 1920 × 1080 உண்டா என்று கேளுங்கள்.

திரை? எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. வெளிச்சம் விழாத இடமே கறுப்பு. ஜன்னல் திறந்திருந்தால் சாதா வெள்ளைத் திரையில் படம் வெளுத்துவிடும். எனவே முதல் செலவு கெட்டியான ஜன்னல் துணிக்கு. சுவருக்கு அப்பாவே பட்டி பார்த்து, பளபளப்பில்லாத வெள்ளை அடித்தார்.

கணக்கு என் படிப்பு; திரை அவர் கைவேலை!